டைரக்ட் வயரை எடுத்துவிடுங்கள்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும், கார் பட்டறை நடத்துகிறவர்களுக்கும், அந்தப் பட்டறைகளில் தொழில் கற்றுவரும் தம்பிகளுக்கும் ஒரு திறந்த மடல்



கார் வயரிங் வேலை பார்க்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். வேலைக்கு வரும் பெட்ரோல் கார்களில் ஒரு காரியத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால், பெட்ரோல் பம்பு ரிலே உட்கார வேண்டிய இடத்தில் ரிலே இருப்பதில்லை. இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயர், மேலே கருப்பு டேப். கேட்டால், "ரோட்டுல நின்னுபோச்சுங்க, ஒருத்தர் டைரக்ட் குடுத்து விட்டாரு, அதுல இருந்து தொந்தரவே இல்லைங்க" என்று பதில் வருகிறது. வண்டி ஓடுவது உண்மைதான். ஆனால் அந்தத் துண்டு வயர் காரிலிருந்து எதை எடுத்துவிட்டது என்று தெரிந்தால், யாரும் அந்த வண்டியில் தன் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள்.

நம் வட்டாரத்துக்கு வண்டி புதிதில்லை. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியும் டேங்கரும் நாடு முழுக்க ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடாத மாநிலம் குறைவு. டீசல் தீர்ந்து ஏர் பிடித்துக்கொண்டால், ஹேண்ட் பிரைமரை அடித்து ஏர்லாக் எடுப்பதற்கு இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அந்த அனுபவம் டீசலோடு வந்தது. பெட்ரோல் காரின் எரிபொருள் வழி வேறு மாதிரி. அதைத் தனியாகத்தான் படித்தாக வேண்டும்.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் பம்பு எஞ்சினிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கேம் ஷாஃப்ட் சுற்றும்போது அது பம்பின் கையை அழுத்தும், உள்ளே டயாஃபிரம் அசைந்து பெட்ரோலை இழுக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். யாரும் தனியாக நிறுத்த வேண்டியதில்லை. விபத்தில் வண்டி கவிழ்ந்து எஞ்சின் ஓய்ந்தால் பெட்ரோல் தள்ளுவதும் அந்த நொடியே ஓயும். அன்றைய பம்புக்கு அந்தப் பாதுகாப்பு பிறவியிலேயே இருந்தது.

1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதில் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் இருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் மற்ற கார்களும் எம்.பி.எஃப்.ஐ. என்னும் இந்த இன்ஜெக்டர் முறைக்கு மாறின. இன்ஜெக்டர் பூந்தூறலாகப் பெட்ரோலை அடிக்க வேண்டுமென்றால் லைனில் அழுத்தம் வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் அது சுமார் 3 பார், அதாவது 43 பவுண்டு. அந்த அழுத்தத்தைக் கொடுக்க மின்சார பம்பு டேங்குக்குள்ளேயே போனது. பெட்ரோலில் மூழ்கியிருந்தால் அதற்குக் குளிர்ச்சியும் கிடைக்கும். (டேங்கைக் கால்வாசிக்குக் கீழே விடாமல் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். ரிசர்விலேயே வண்டி ஓட்டுகிற பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும்.)

மின்சார பம்பில் ஒரு ஆபத்து உண்டு. எஞ்சின் நின்றதும் தானாக நிற்கத் தெரியாது. கரண்ட் இருக்கிறவரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய பம்புக்குப் பிறவியிலேயே இருந்த பாதுகாப்பை வேறு வழியில் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை ஈ.சி.எம். என்னும் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, அதன் கையாக ஒரு ரிலேயை வைத்தார்கள்.

தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள். பச்சைப் பட்டனை அழுத்தும்போது விரலுக்கு அடியில் போவது சிறு கரண்ட். அது காயிலில் ஏறி, காயில் காந்தமாகி, பெரிய கான்டாக்டை இழுத்து மூடுகிறது. மோட்டாருக்கு வேண்டிய பெரிய கரண்ட் அந்த கான்டாக்ட் வழியாகப் போகிறது. கார் ரிலே இதன் குட்டி வடிவம். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி 1830-களில் செய்துகாட்டிய தத்துவம் தந்திக் கம்பிகளில் வேலை செய்து, இன்று நம் பானெட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கிறது. காயிலுக்குப் போவது ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு அளவு. கான்டாக்ட் வழியாகப் பம்புக்குப் போவது 4 முதல் 8 ஆம்பியர்.

சாவியை ஆன் செய்ததும் ஈ.சி.எம். ரிலேயை இழுக்கிறது. பம்பு ஓரிரண்டு நொடி ஓடி லைனில் அழுத்தம் ஏற்றுகிறது. பின்சீட்டுக்கு அடியில் கேட்கும் அந்த 'ம்ம்' சத்தம் இதுதான். செல்ஃப் அடிக்காவிட்டால் ரிலே விட்டுவிடும். செல்ஃப் அடித்து எஞ்சின் சுற்றினால், கிராங்க் சென்சார் "சுற்றுகிறது" என்று தகவல் அனுப்பும். அந்தத் தகவல் வருகிறவரைதான் ரிலே பிடித்திருக்கும். தகவல் நின்ற ஒன்றிரண்டு நொடிக்குள் பம்பு நிற்கும். சாவி ஆனிலேயே இருந்தாலும் நிற்கும். எஞ்சின் நின்றால் பெட்ரோலும் நிற்க வேண்டும் என்கிற பழைய நியதியை இப்போது காப்பாற்றுவது இந்த ரிலேதான்.

இனி அதை எங்கே தேடுவது என்று பார்ப்போம்.

பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் கருப்பு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். மூடியைக் கழற்றித் திருப்பினால் உள்பக்கம் படம் அச்சிட்டிருக்கும். 'ஃப்யூல் பம்ப்' என்றோ 'எஃப் பம்ப்', 'எஃப்.பி.' என்று சுருக்கியோ எழுதியிருப்பார்கள். அங்கே இல்லையென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே கால் பக்கம், அல்லது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கும். மூடி தொலைந்துபோன வண்டிகள் நம்மிடம் நிறைய. அவற்றுக்கு ஓனர் புத்தகத்தின் ஃபியூஸ் பக்கத்தைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விரலே போதும். ஒருவர் சாவியை ஆன் செய்யட்டும், இன்னொருவர் ரிலேக்களின் தலையில் ஒவ்வொன்றாக விரலை வைக்கட்டும். ஈ.சி.எம்.முக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே ஒரு தட்டு தட்டிவிட்டு அப்படியே பிடித்திருக்கும். பம்பு ரிலே ஒருமுறை தட்டி, இரண்டு நொடி கழித்து மறுபடி தட்டி விடும். அந்த இரட்டைத் தட்டு வேறு ரிலேயில் சாதாரணமாக இருக்காது. சாவியை ஆஃப் செய்து சிறிது நேரம் விட்டு, மறுபடி ஆன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா வண்டியிலும் இப்படிக் கழற்றும் ரிலே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். சில நிறுவனங்கள் ரிலேயைப் பெட்டிக்குள் பலகையிலேயே சால்டர் செய்துவிடுகின்றன. புதிய சில கார்களில் பம்பின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் தனி மாட்யூல் இருக்கிறது. அங்கே துளை தேடி வயர் செருகினால் மாட்யூலோ ஈ.சி.எம்.மோ போய்விடும். படம் பார்க்காமல் அந்த வண்டிகளில் கை வைக்காதீர்கள்.

ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தால் கால்களுக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும். ஜெர்மானியத் தர எண்கள், பெரும்பாலான ரிலேக்களில் இவையே. 30-இல் பேட்டரி கரண்ட் வரும், 87 வழியாகப் பம்புக்குப் போகும். 85, 86 இரண்டும் காயில். சிறிய வகையில் இதையே 3, 5, 2, 1 என்று போட்டிருப்பார்கள். ஐந்து கால் ரிலேயில் நடுவே 87ஏ என்று ஒன்று இருக்கும். காயிலில் கரண்ட் இல்லாதபோது 30-ஓடு சேர்ந்திருப்பது அதுதான். நான்கு கால் ரிலேக்குப் பதிலாகக் கையில் கிடைத்த ஐந்து கால் ரிலேயைச் செருகும் முன் சாக்கெட்டின் நடுத்துளையில் டெர்மினல் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரில் காயிலை அளந்தால் 12 வோல்ட் ரிலே பெரும்பாலும் 70 முதல் 100 ஓம் வரை காட்டும். உள்ளே டயோடு வைத்த ரிலேயாக இருந்தால் 85, 86 இரண்டையும் மாற்றிக் கரண்ட் கொடுக்கக் கூடாது, டயோடு போய்விடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இந்த நிலையில் நம்மில் பலர் நேராகப் பின்சீட்டைக் கழற்றிப் பம்பு அசெம்பிளியை மாற்றிவிடுகிறோம். சில நூறு ரூபாய் ரிலேயில் முடிய வேண்டியது பல ஆயிரத்துக்குப் போகிறது. பழைய பம்பு நன்றாகவே இருந்திருக்கும். பணம் கொடுத்தவர் டாக்ஸி ஓட்டி மாதத் தவணை கட்டுகிறவர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சாவியை ஆன் செய்து பின்பக்கம் காது கொடுங்கள். பம்பு சத்தம் கேட்டால், அழுத்தம் சரியாக ஏறுகிறதா, ஃபில்டர் அடைப்பா, ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். அந்த வேளையில் ரிலேயைத் தொட வேண்டியதில்லை. சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். ஃபியூஸ் எரிந்திருந்தால் மாற்றிவிட்டு ஓடிவிடாதீர்கள், எதற்கு எரிந்தது என்று தேடுங்கள். நம் பக்கத்தில் தோட்டத்திலும் கோழிப்பண்ணை ஓரத்திலும் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடிப்பது சகஜம். தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும்.

ஃபியூஸ் சரி என்றால் ரிலே. ஒரே எண் அச்சிட்ட, ஒரே கால் அமைப்புள்ள ஹாரன் ரிலே பக்கத்தில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்துவிட்டால் ரிலே நல்லது என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. காயில் நன்றாக இழுக்கும், கான்டாக்ட் கருகியிருக்கும், கரண்ட் போகாது. 87-இல் லோடோடு வோல்ட் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதேபோல் 'டிக்' வரவில்லை என்பதால் ரிலே செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ரிலே உத்தரவுக்குக் காத்திருக்கிற வேலையாள், உத்தரவு வராவிட்டால் அது எப்படி இழுக்கும்? சாவி ஆனில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா பாருங்கள். அதுவும் எரியவில்லையென்றால் பெரும்பாலும் ஈ.சி.எம்.முக்கே கரண்ட் இல்லை. மெயின் ரிலேயையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். சாவி போட்டதும் இரண்டு நொடி இழுத்து, செல்ஃப் அடிக்கும்போது இழுக்கவில்லையென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே வீணாக வாங்கும் பம்புகளில் பாதி மிச்சமாகும் என்பது என் நம்பிக்கை.

நம் வட்டாரத்துக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. டிராவல்ஸ் வண்டிகளிலும் தவணை வண்டிகளிலும் ஜி.பி.எஸ். கருவி மாட்டும்போது, தூரத்திலிருந்தே வண்டியை நிறுத்துவதற்காகப் பம்பு வயரையோ இக்னிஷன் வயரையோ வெட்டி நடுவில் ஐந்து கால் ரிலே ஒன்றை வைக்கிறார்கள். சாதாரண நேரத்தில் 30-இலிருந்து 87ஏ வழியாகக் கரண்ட் போகும். நிறுத்தும் உத்தரவு வந்தால் ரிலே இழுத்து அந்த இணைப்பைப் பிரித்துவிடும். சில கேஸ் கிட்டுகளிலும் பம்பை நிறுத்த இப்படி ஒரு ரிலே உண்டு. கம்பெனிப் படத்தில் இவை இருக்காது. டேஷ்போர்டுக்கு அடியில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று சூடாகி லூஸானால், ஒரிஜினல் ரிலேயை எத்தனை முறை மாற்றினாலும் வண்டி நிற்கும். கருவி மாட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எந்த வயரை வெட்டினீர்கள், ரிலே எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வெளியே மாட்டியவை தவிர, ஃபோர்டின் பழைய கார்கள் பலவற்றில் அதிர்ச்சிக்குப் பம்பை நிறுத்தும் தனி சுவிட்ச் ஒன்றைக் கம்பெனியே வைத்திருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், பெட்ரோல் ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதன் பட்டனை அழுத்தினால் போதும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். 1980, 90-களின் ஹோண்டா கார்களில் ஒரு கோளாறு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த மெயின் ரிலேதான் பம்புக்கும் கரண்ட் கொடுத்தது. அதன் உள்ளே சால்டர் வைத்த இடங்கள் சூட்டில் விரிந்து சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டன. மதிய வெயிலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாது, மாலை குளிர்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். சால்டரை மறுபடி உருக்கிவிட்டால் சரியாகும். நம் ஊர் ஏப்ரல், மே மாத வெயிலில் எந்தக் கம்பெனி ரிலேக்கும் இது நேரலாம். வெயிலில் நின்றால் மட்டும் படுத்துகிற வண்டி வந்தால் இதை மனதில் வையுங்கள். ஓட்டுநர்களே, ஓடும்போது சட்டென்று அணைந்து, சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிற வண்டியை "அது அப்படித்தான்" என்று விடாதீர்கள். தொப்பூர் இறக்கத்திலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலோ எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும்.

பம்பே கோளாறாக வந்ததும் உண்டு. 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் வேகன் ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 கார்களைப் பம்பு பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் அதே இரண்டு மாடல்களில் மேலும் 16,041 கார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஹோண்டாவும் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை அழைத்தது. கோளாறு இருந்தால் மாற்றித் தருவது இலவசம். கைமாறி வாங்கிய வண்டிக்காரர்களுக்கு இந்தத் தகவல் பல நேரம் போய்ச்சேருவதில்லை. பம்பு வாங்கும் முன் கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது ஷோரூமில் கேளுங்கள்.

மறுபடி டைரக்ட் வயருக்கு வருகிறேன். 30-ஐயும் 87-ஐயும் ஒரு நிமிடம் இணைத்துப் பம்பு ஓடுகிறதா என்று பார்ப்பது முறையான சோதனைதான். நானும் செய்கிறேன். ஃபியூஸ் வைத்த வயரால் செய்ய வேண்டும், பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். அதையே வண்டியில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? 30-க்கு நேராகப் பேட்டரியிலிருந்து கரண்ட் வரும் வண்டியில், சாவியை எடுத்த பிறகும் பம்பு ஓடும், காலையில் பேட்டரி காலி. மெயின் ரிலே வழியாக வரும் வண்டியில் சாவி ஆனில் இருக்கும்வரை ஓடும். இரண்டாவதுதான் கொடியது, ஏனென்றால் அன்றாட ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது. விபத்து நடந்தால்தான் தெரியும். வண்டி மோதுகிறது, எஞ்சின் நிற்கிறது, ஓட்டுநர் மயக்கத்தில் இருக்கிறார், சாவி ஆனில் இருக்கிறது, முன்பக்கம் பெட்ரோல் ஹோஸ் அறுந்திருக்கிறது. ரிலே இருந்தால் ஓரிரு நொடியில் பம்பு நின்றிருக்கும். டைரக்ட் வயர் இருந்தால், சிறிய கார் பம்புகூட நிமிடத்துக்கு ஒரு லிட்டரை ஒட்டிய அளவு பெட்ரோலைச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றக்கூடிய ஆவி பெட்ரோலுடையது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுக்க ஓடிவருகிறவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தை அந்தத் துண்டு வயர் தின்றுவிடுகிறது.

நள்ளிரவில் வழியில் நின்றவருக்கு ஊர் போய்ச்சேர வழி செய்துகொடுப்பது உதவிதான், அதைக் குறை சொல்லமாட்டேன். அந்த உதவி மறுநாள் காலையோடு முடிய வேண்டும். பட்டறைக்காரர்களே, டைரக்ட் வயர் போட்டு அனுப்பினால் பில்லில் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள், ரிலே மாட்டவேண்டிய நாளையும் குறித்துக்கொடுங்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே ரிலே கால்களின் நான்கு எண்களையும், எஞ்சின் நின்றால் பம்பு ஏன் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

ஓட்டுநர்களே, அடுத்த சவாரிக்கு முன் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பாக்ஸின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ரிலே இருக்க வேண்டிய இடத்தில் வயர் இருந்தால், ஸ்பேர் கடைக்குப் போய் உங்கள் வண்டிக்குரிய எண்ணைக் காட்டி நல்ல ரிலே ஒன்று வாங்கி மாட்டுங்கள். மாட்டிவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். இரண்டு நொடி ஓடிப் பம்பு நிற்கிறதா என்று கேட்டுவிட்டு ஆளை ஏற்றுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், ஒரு கார் எலக்ட்ரீஷியன்